கொசுவலைக் கதவுக்குப் பின்னால் ஒரு தைரியசாலி

கத்திரி வெயிலில் காலில் சாக்ஸ் போட்டுக்கொண்டு தோட்டத்தில் உலாவிய மனிதர் ஒருவரை நான் திண்டிவனத்தில்தான் பார்த்தேன். முழுக்கைச் சட்டையைக் கழுத்துப் பொத்தான் வரை மாட்டியிருப்பார். தலையில் ஒரு துண்டை, காது மூடும்படி கட்டியிருப்பார். கீழே லுங்கி, அதற்கும் கீழே கறுப்பு சாக்ஸ். ரோட்டில் தார் இளகிச் செருப்போடு ஒட்டிக்கொண்டு வருகிற மே மாதம் அது. "சர்க்கரை இருக்குதுப்பா. கால் ஜில்லுன்னு ஆயிடுது" என்பார். நான் நம்பினேன். உங்கள் அம்மாதான் ஒருநாள், "சர்க்கரை இருந்தா காதும் ஜில்லுன்னு ஆவுமா?" என்று என்னைக் கேட்டாள். அதற்குப் பதில் தெரிய எனக்கு ரொம்ப நாள் ஆனது.

அவர் எங்கள் வீட்டு ஓனர். தம்பி பிறப்பதற்கு முன்னால், மூன்று வருஷம் நாங்கள் அவர் வீட்டின் பின்போர்ஷனில் வாடகைக்கு இருந்தோம். தர்ஷினிக்கு அங்கே நடந்ததில் பாதி ஞாபகம் இருக்கும். தம்பிக்கு ஒன்றும் தெரியாது. பிள்ளைகளே, நீங்கள் இரண்டு பேரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். அவர் பெயரை மட்டும் எழுதப் போவதில்லை. அவருக்கு ஒரு பேத்தி இருக்கிறாள். நாளைக்கு இது அந்தப் பிள்ளையின் கையில் கிடைத்தால் என்ன செய்வது? அவள் ஒரு தப்பும் செய்யவில்லை.

விழுப்புரத்தில் ஏதோ ஓர் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். தினம் ரயிலில் போய் வந்தவர். அந்த ஆபீஸில் யார் எந்தக் குறையோடு வந்தாலும் இவர் என்ன சொல்லி அனுப்பியிருப்பார் என்று எனக்குத் தெரியும். "ஒண்ணும் பண்ணாது." அவர் வாயில் எந்நேரமும் இருந்த வார்த்தை அதுதான். சுவரில் விரிசல் விட்டாலும் ஒண்ணும் பண்ணாது. ஸ்விட்ச் பெட்டியில் புகை வந்தாலும் ஒண்ணும் பண்ணாது. தெருநாய் உறுமிக்கொண்டு வந்தாலும் ஒண்ணும் பண்ணாது. இதைச் சொல்லும்போது அவர் சம்பந்தப்பட்ட இடத்திலிருந்து நாலு எட்டு தள்ளித்தான் நிற்பார். பெரும்பாலும் சமையல்கட்டு வாசலில் போட்டிருந்த கொசுவலைக் கதவுக்குப் பின்னால். வலை வழியாக அவர் மூக்கும் கண்ணாடியும் தெரியும். சத்தம் மட்டும் தோட்டம் முழுக்கக் கேட்கும்.

தோட்டம் நன்றாக இருந்தது. அதை இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். வீட்டுக்குப் பின்னால் இரண்டு மாமரம், ஒரு கொய்யா, மூன்று தென்னை, சுவர் ஓரம் முழுக்கக் குண்டுமல்லி. நடுவில் ஒரு சிமெண்ட் தொட்டி, பக்கத்தில் சிமெண்ட் பெஞ்சு. மூலையில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட மோட்டார் ரூம். சாயங்காலம் அஞ்சு மணிக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு அந்த பெஞ்சில் உட்கார்ந்தால், வெளியே அனல் அடிக்கிறது என்பதே மறந்துபோகும். தர்ஷினி வாய்க்காலில் காலை விட்டுக்கொண்டு மாங்காய் கடிப்பாள்.

வெயில் காலத்தில் குளவியும் நம்மைப் போலத்தான். தண்ணீர் எங்கே, பழம் எங்கே என்று பார்த்து வந்துவிடும். குளவிமேல் எனக்கு இன்றைக்கும் கோபம் கிடையாது. உங்கள் அம்மா அதற்கு மூன்று வேலை செய்தாள். விடிந்ததும் கீழே விழுந்து கிடக்கிற பழத்தையெல்லாம் பொறுக்கிக் குழியில் போட்டு மூடுவாள். தோட்டத்தின் கடைசியில், வேலி ஓரமாக ஒரு பழைய சட்டியில் தண்ணீர் ஊற்றி, நடுவில் ஒரு கல் வைப்பாள். குளவி தொட்டிக்கு வராமல் அங்கே போய் உட்கார்ந்து குடித்துவிட்டுப் போகும். தர்ஷினியைச் செருப்பில்லாமல் புல்லில் விடமாட்டாள். அவ்வளவுதான். அந்த மூன்றாலேயே எங்களுக்குத் தோட்டமும் இருந்தது, குளவிக்கு வழியும் இருந்தது.

இவர் அதைப் பார்த்துச் சிரிப்பார். "இன்னாம்மா, குளவிக்குப் பந்தி போடறியா? அதும்பாட்டுக்குப் பறந்துக்கினு கீது. நாம பயந்தாதான் அதுக்குத் தெரியும். போன்ல போட்டிருக்கான், பாரு." வலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து போனைத் தூக்கிக் காட்டுவார்.

யாரையாவது கொட்டிவிட்டால் அவருக்கு ஒரு நிமிஷம் போதும். தப்பு யார்மேல் என்று கண்டுபிடித்துவிடுவார். ஒருநாளும் அது குளவிமேல் இருந்ததில்லை. அவர்மேல் இருந்ததே இல்லை. பூ பறிக்க வந்த அம்மாளைக் கொட்டியபோது, "நீ கைய வீசியிருப்ப" என்றார். கேஸ் சிலிண்டர் கொண்டு வந்தவரைக் கொட்டியபோது, "செவப்பு சட்டை போட்டுக்கினு வந்தா?" என்றார். நான் மோட்டார் காயில் கட்டுகிறவன். என் காதில் கொட்டியபோது, "கிரீஸ் கையோட போயிருப்ப. அந்த வாசனை அதுக்கு ஆவாதுப்பா" என்றார். நாலு வயசுப் பிள்ளை தர்ஷினி குதிகாலில் கொட்டு வாங்கி அலறியபோது, கதவுக்குப் பின்னால் நின்று, "கொழந்தைக்குக் கொலுசு போட்டு விட்டா அந்தச் சத்தத்துக்கு வராதா?" என்று கேட்டார். அன்றைக்குச் சாயங்காலம் உங்கள் அம்மா கொலுசைக் கழற்றிப் பீரோவில் வைத்துவிட்டாள். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. பிள்ளையின் கொலுசைக் கழற்ற வைக்கிற அளவுக்கு ஒரு மனிதரின் பேச்சை நாங்கள் நம்பினோம்.

அவருக்கு ஒரே மகள். விழுப்புரத்தில் கட்டிக்கொடுத்திருந்தார். ஏழு வருஷமாகக் குழந்தை இல்லை. அவர் மனைவி அதிகம் பேசமாட்டார். அந்தம்மா போகாத கோயில் இல்லை. அந்த வருஷம் தீபாவளி சமயத்தில் மோட்டார் ரூம் சுவரில் ஒரு குளவி மண்ணால் கூடு கட்டியது. விரல் நீளத்துக்கு, வரிவரியாகக் குழைத்துப் பூசிய கூடு. வீட்டில் குளவி மண்கூடு கட்டினால் பிள்ளை உண்டாகும் என்று நம் பக்கத்தில் சொல்வார்கள் அல்லவா, அந்தம்மா அதைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அடுத்த மாதமே மகள் முழுகாமல் இருக்கிறாள் என்று போன் வந்தது. எங்களுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு அந்தக் கூட்டுக்கு வெள்ளிக்கிழமைதோறும் மஞ்சள், குங்குமம் வைக்க வேண்டும் என்று இவர் முடிவு பண்ணினார். யார் வைப்பது?

"நீதாம்மா வைக்கணும்" என்று உங்கள் அம்மாவிடம் சொன்னார். "புள்ள பெத்தவ. ராசியான கை."

"அம்மாவையே வைக்கச் சொல்லலாமே சார்."

"அவளுக்குக் கை நடுங்கும்."

"அப்ப நீங்க?"

"ஆம்பளை வைக்கக் கூடாதும்மா. போ, ஒண்ணும் பண்ணாது."

உங்கள் அம்மா வைத்தாள். மண்கூடு கட்டுகிற குளவி சாது. அது உண்மையிலேயே ஒன்றும் பண்ணவில்லை. ஆனால் மாசி மாதம் அந்த மண்கூட்டுக்கு மேலே, கூரைச் சட்டத்தில், வேறொரு கூடு தொங்க ஆரம்பித்தது. காகிதம் மாதிரி. எலுமிச்சம்பழம் அளவு. அதில் வந்து உட்கார்ந்தது கறுப்பு உடம்பு, வயிற்றில் ஆரஞ்சு பட்டை. நம் ஊரில் கதண்டு என்பார்கள். கூட்டமாகக் கொட்டினால் ஆளையே சாய்த்துவிடும். நான் பார்த்த அன்றைக்கே அவரிடம் போனேன்.

"சார், இது வேற சார். கதண்டு. இப்பவே ஒரு குச்சியால தட்டி விட்டா போயிடும். சின்னதா கீது."

"பொண்ணு முழுகாம இருக்கா. கூட்டக் கலைக்கலாமாப்பா?"

"மண்கூட்ட நான் தொட மாட்டேன் சார். மேல இருக்கறத மட்டும்."

"குளவின்னா எல்லாம் குளவிதான். அது வந்த நேரம்தான் என் பொண்ணுக்கு நல்லது நடந்தது. கை வச்சின்னா பாத்துக்க."

வாடகை வீட்டில் இருக்கிறவன். வாயை மூடிக்கொண்டேன். தினமும் காலையில் அந்த ரூமுக்குள் போய் மோட்டார் போடுகிறவனும் நான்தான். "மெக்கானிக்கு, நீதான் போடணும், உன் கைக்குத்தான் மோட்டார் கேக்குது" என்பார். பெருமையாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். அந்த மாதக் கடைசியில் ஒலக்கூரில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்விட்டு மறுநாள் திரும்பி வந்தேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், அவரே மோட்டார் போட வேண்டியதாகிவிட்டது. நான் பையை இறக்கி வைப்பதற்குள் அவர் குரல் கேட்டது.

"ஏம்பா, அந்த ஸ்டார்ட்டர் பெட்டிய இங்க என் சமையல்கட்டுச் சுவத்துக்கு மாத்திடு. அங்கேர்ந்து கரண்ட்டு லாஸ் ஆவுது."

"குளவியா சார்?"

"குளவியா? அது ஒண்ணும் பண்ணாது. கரண்ட்டு லாஸ்."

இத்தனை நாள் நான் தினம் போய் வந்தபோது லாஸ் ஆகாத கரண்ட்டு, அவர் ஒரு நாள் போனதும் லாஸ் ஆகிவிட்டது. பெட்டியை மாற்றிக் கொடுத்தேன். அதோடு அந்த ரூமுக்கு யாரும் போகவில்லை. வெள்ளிக்கிழமை மஞ்சள், குங்குமமும் நின்றுபோனது. கதவு சாத்தியே கிடந்தது. மேலே இருந்த ஜன்னல் ஓட்டை வழியாகக் கதண்டு போய் வந்தது. சித்திரை பிறந்தபோது கூடு, கவிழ்த்த பானை அளவு ஆகியிருந்தது.

தேங்காய் பறிக்க வழக்கமாக வருகிறவர் அப்போதுதான் வந்தார். மரத்தடியில் கயிற்றைப் போட்டார். மேலே பார்த்தார், மோட்டார் ரூமைப் பார்த்தார், மறுபடியும் கயிற்றைச் சுருட்டினார்.

"கதண்டு கீது சார். நான் ஏற மாட்டேன்."

வலைக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. "குளவிப்பா அது. ஒண்ணும் பண்ணாது, ஏறு."

"அப்ப நீங்க கீழ வந்து நில்லுங்க. நான் ஏர்றேன்."

"எனக்கு முட்டி வலிப்பா."

"நாற்காலி போடச் சொல்றேன். உக்காந்துக்கங்க."

"வெயில் ஆவாதுப்பா எனக்கு."

"சாக்ஸ் போட்டுக்கினு நிக்கறீங்க, வெயில் இன்னா பண்ணும்?" என்று சொல்லிவிட்டு அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மூன்று வருஷத்தில் அந்த மனிதருக்கு நேராகப் பேசிய முதல் ஆள் அவர்தான். அன்றைக்குத்தான் எனக்கு சாக்ஸ் விஷயம் புரிந்தது. முழுக்கை, காதை மூடிய துண்டு, சாக்ஸ், எல்லாம் குளவிக்காக. எங்களில் யாரையும்விட அவருக்குத்தான் குளவி பயம் அதிகம். பயப்படுவது தப்பே இல்லை. பயந்தவன் நானும் பயப்படுகிறேன் என்று சொல்லிவிட்டால், பக்கத்தில் இருப்பவன் செருப்பாவது போட்டுக்கொள்வான். இவர் தன் உடம்பை மூடிக்கொண்டு, வெறுங்காலோடு நிற்கிறவனிடம் பயப்படாதே என்று சொன்னார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மகளுக்கு ஒன்பதாம் மாதம் வளைகாப்பு. மாமியார் வீட்டில், விழுப்புரத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று அவர்கள் சொன்னார்கள். இவர் விடவில்லை. சம்பந்தி வீட்டார் தன் தோட்டத்தைப் பார்க்க வேண்டும், மாமர நிழலில் மகள் உட்கார வேண்டும், போட்டோவில் பின்னால் மல்லிச்செடி தெரிய வேண்டும். அந்தம்மா மட்டும் மெதுவாக, "கூடு இருக்குதேங்க. உள்ள ஹால்லயே வச்சிக்கலாமே" என்றார்.

"உனக்கு ஒண்ணும் தெரியாது. அதும்பாட்டுக்கு இருக்குது."

மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. பந்தல்காரர்கள் விடியற்காலையிலேயே வந்து துணிப்பந்தல் கட்டினார்கள். மூன்று மூலைக்கு மரம் கிடைத்தது. நாலாவது மூலைக் கயிற்றை மோட்டார் ரூம் கூரைச் சட்டத்தில், ஜன்னல் ஓட்டை வழியாக விட்டுக் கட்டிவிட்டுப் போய்விட்டார்கள். அந்த நேரத்துக் குளிரில் கதண்டு மந்தமாக இருக்கும். அதனால் அப்போது ஒன்றும் ஆகவில்லை. நான் பார்த்தபோது கயிறு விறைத்து நின்றது. அவரிடம் போய்ச் சொன்னேன். பட்டு வேட்டி, பட்டுச் சட்டை, தோளில் அங்கவஸ்திரம், காலில் சாக்ஸ். "ஒண்ணும் பண்ணாதுப்பா. சம்பந்தி வர்ற நேரம், நீ வேற. கேட்டாண்ட போய் வண்டிங்கள ஒழுங்கா நிறுத்தச் சொல்லு."

பத்தரை மணிக்கு மகளை மணையில் உட்கார வைத்தார்கள். இரண்டு கையிலும் முழங்கை வரை வளையல். தலை நிறைய அவர் தோட்டத்துக் குண்டுமல்லி. ஏழு வருஷம் காத்திருந்த முகம், அன்றைக்கு அவ்வளவு பளிச்சென்று இருந்தது. உங்கள் அம்மா வளையல் போட்டுக்கொண்டிருந்தாள். தர்ஷினி பட்டுப்பாவாடையோடு பக்கத்தில் நின்று வளையல் எடுத்துக் கொடுத்தாள். நான் கேட்டுக்கு வெளியே தெருவில் இருந்தேன். அப்போது காற்று அடித்தது. பெரிய காற்றுகூட இல்லை. பந்தல் துணி ஒருமுறை உப்பி இறங்கியது. கயிறு சுண்டி இழுத்தது. கூரைச் சட்டம் ஆடியது. கூடு கிழிந்தது.

பிறகு நடந்ததைச் சொல்ல நிறைய நேரம் ஆகும். நடந்தது ரொம்பக் கொஞ்ச நேரம். எல்லாரும் தெருப்பக்கம் ஓடி வந்தார்கள். நான் அவர்களுக்கு எதிராக உள்ளே போகப் பார்த்தேன், முடியவில்லை. மகளால் எழுந்து ஓட முடியாது. உங்கள் அம்மா தரையில் விரித்திருந்த ஜமக்காளத்தை, அதன் மேலிருந்த தட்டுகள் சிதற உருவினாள். அந்தப் பெண்ணையும் தர்ஷினியையும் சேர்த்து மூடி, தன் முதுகை வெளியே காட்டிக்கொண்டு, சமையல்கட்டுக் கதவுக்கு அணைத்துக்கொண்டே போனாள். பத்து எட்டுதான் இருக்கும். கொசுவலைக் கதவு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்தது.

வலைக்குப் பின்னால் அவர் நின்றார். எல்லாருக்கும் முன்னால் உள்ளே போனவர் அவர்தான். முட்டி வலி அன்றைக்கு இல்லை.

"அப்பா, கதவத் தெறங்கப்பா" என்றாள் மகள்.

"தெறந்தா உள்ள பூந்துடும்மா. அசையாம நில்லு. அசையாம நின்னா ஒண்ணும் பண்ணாது."

"அப்பா."

"கைய ஆட்டாத. நான் சொல்றேன் இல்ல."

இதை உங்கள் அம்மா என்னிடம் சொன்னாள். அந்தப் பெண்ணும் பிறகு சொன்னாள். இரண்டு பேரும் ஒரு வார்த்தைகூட மாற்றவில்லை. நான் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு மாமரத்தடிக்கு வந்தபோது கதவு திறந்தது. திறந்தவர் அவர் மனைவி. குரல் உயர்த்தி நாங்கள் கேட்டிராத அந்தம்மா, அவர் தோளைப் பிடித்து ஒரு தள்ளு தள்ளிவிட்டு, தாழ்ப்பாளை நீக்கி, மூன்று பேரையும் இழுத்து உள்ளே போட்டார். கை நடுங்கும் என்று இவர் சொன்ன அதே கை. அந்தம்மாவுக்குக் கண் இமையில் ஒரு கொட்டு. மகளுக்கு இரண்டு. தர்ஷினிக்குக் காதில் ஒன்று. உங்கள் அம்மாவின் முதுகிலும் கழுத்திலும் பட்ட கொட்டுகளை எண்ணுவதை நாங்கள் நிறுத்திவிட்டோம். அவருக்கு ஒன்றுகூட இல்லை.

தீயணைப்பு வண்டி வந்து கூட்டை அழித்துவிட்டுப் போனது. அதற்குள் நாங்கள் முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் இருந்தோம். உங்கள் அம்மாவுக்கு முகம் வீங்கிக் கண் திறக்கவில்லை. மூச்சு வாங்கியது. ஊசி போட்ட பிறகு கொஞ்சம் அடங்கியது. மகளை இன்னொரு பக்கம் படுக்க வைத்து வயிற்றில் இருக்கிற குழந்தையின் துடிப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அந்தம்மா ஒட்டிய கண்ணோடு தரையில் உட்கார்ந்து எதையோ முணுமுணுத்தார். குழந்தை நன்றாக இருக்கிறது என்று டாக்டர் அம்மா வந்து சொல்லும் வரை யாரும் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

அவர் சாயங்காலம் வந்தார். மகளின் கட்டில் அருகே வரவில்லை. வாசல் நிலையில் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"அவ்ளோ மல்லிப்பூவ தலையில வச்சிக்கினா வராம இன்னா பண்ணும்? நான் அப்பவே நெனச்சேன்" என்றார்.

அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள். ஒரு கன்னம் வீங்கியிருந்தது.

"பூ உங்க தோட்டத்துப் பூ தான்ப்பா. நீங்கதான் பறிச்சிக்கினு வந்து குடுத்தீங்க" என்றாள். கூடவே, "நான் வலை வழியா பாத்தேன்ப்பா. உங்க கை தாப்பா மேலதான் இருந்துச்சு" என்றாள்.

"கொழந்தைக்கு ஒண்ணும் ஆவலையே. அப்பறம் இன்னா?"

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பிரசவத்துக்குத் தாய்வீடு போகவில்லை. விழுப்புரத்திலேயே பெண் குழந்தை பிறந்தது. அந்தம்மா அங்கேயே போய் மூன்று மாதம் இருந்தார். நாங்களும் அந்த வீட்டைக் காலி செய்துவிட்டு விழுப்புரம் வந்தோம்.

அடுத்த வருஷம் கோடையில் மோட்டார் ஓடவில்லை என்று என்னைக் கூப்பிட்டார். போக வேண்டாம் என்றாள் உங்கள் அம்மா. போனேன். தோட்டம் அப்படியேதான் இருந்தது. மாம்பழம் பொறுக்க ஆள் இல்லாமல் கீழே அழுகிக் கிடந்தது. அவர் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தார், சாக்ஸோடு. "பாத்தியா, இப்ப ஒரு குளவி கெடையாது. எல்லாரும் அன்னிக்கு ஓவரா பேசிட்டீங்க. நான் சொன்னேன் இல்ல, ஒண்ணும் பண்ணாதுன்னு."

நான் கருவிப் பையை எடுக்கக் குனிந்தேன். "சார், நீங்க உக்காந்துக்கினு இருக்கிற பெஞ்சுக்கு அடியில ஒண்ணு கட்டியிருக்குது" என்றேன்.

நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் வலைக் கதவுக்குப் பின்னால் இருந்தார்.

"அத எடுத்துட்டுப் போயிடேன்பா."

"ஒண்ணும் பண்ணாது சார்."

இப்படிச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் ஸ்க்ரூ டிரைவரால் அதைச் சுரண்டி எடுத்து வேலிக்கு அப்பால் போட்டுவிட்டுத்தான் வந்தேன். நாலே நாலு அறை, பொத்தான் அளவு.

பிள்ளைகளே, இவ்வளவு நேரம் அவரைக் கேவலமாக எழுதினேன். அதில் எதையும் திரும்ப வாங்கிக்கொள்ளப் போவதில்லை. ஆனால் மேலே ஒன்றை மட்டும் எழுதாமல் விட்டேன். அன்றைக்குக் காலையில், சம்பந்தி வீட்டார் வந்துகொண்டிருந்தபோது, தர்ஷினி பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டருகே ஓடி வந்தாள். "அப்பா, மோட்டார் ரூம்கிட்ட நெறய சுத்துது. நான் அங்க போலாமா?" என்று கேட்டாள். அந்தக் கயிற்றை நான் பார்த்திருந்தேன். அவிழ்த்திருக்கலாம். நாலு பேர் முன்னால் அவர் கத்துவாரே என்று விட்டிருந்தேன். "ஒண்ணும் பண்ணாது, போ" என்றேன். நான் நின்றது கேட்டுக்கு வெளியே, தெருவில்.

தர்ஷினி, அது உனக்கு ஞாபகம் இருக்கிறதா என்று நான் கேட்டதில்லை. கேட்கப் பயம்.

போன வாரம் நம் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக் குழாய்கிட்ட ஒரு குளவி சுற்றியது. நீதான் பார்த்தாய். தம்பி தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போக இருந்தான். "அப்பா, அது ஒண்ணும் பண்ணாதில்ல?" என்று கேட்டாய்.

"தெரியலம்மா. ரெண்டு பேரும் இங்கயே நில்லுங்க. நான் போய்ப் பாத்துட்டு வர்றேன்" என்று கிளம்பினேன். நீ என் காலைப் பார்த்தாய்.

"அப்பா, செருப்பு போட்டுக்கினு போங்க" என்றாய்.